மண் அட்டையில் மணிச்சத்து ‘அதிகம்’, கடையில் ‘டிஏபி போடு’: இலக்கு மகசூல் கணக்கை நம்பலாமா?

வெண்ணாற்றுக்கரை (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். நீடாமங்கலத்துக்குக் கிழக்கே எங்களுக்கு மூன்று ஏக்கர் நஞ்சை. கனத்த களி, கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விடும். அப்பாவுக்கு முழங்கால் முடியாமல் போன பிறகு பயிர் வேலை என் தலையில் விழுந்தது. ஆற்றில் தண்ணீர் நேரத்துக்கு வந்தால் குறுவை, தாளடி என்று இரண்டு போகம் நெல். இல்லையென்றால் சம்பா மட்டும். அறுப்புக்கு முன்னால் உளுந்து தெளித்துவிடுவோம்.

பீரோவைக் குடைந்தபோது மண் வள அட்டை கிடைத்தது. அதில் தழைச்சத்து (நைட்ரஜன்) எக்டேருக்கு 224 கிலோ, ‘குறைவு’. மணிச்சத்து (பாஸ்பரஸ்) 38 கிலோ, ‘அதிகம்’. சாம்பல்சத்து (பொட்டாசியம்) 310 கிலோ, ‘அதிகம்’. பிஎச் (கார அமிலத் தன்மை) 7.8. அங்ககக் கரிமம் 0.62 சதவீதம். துத்தநாகம் 0.7 பிபிஎம் (பத்து லட்சத்தில் 0.7 பங்கு), ‘பற்றாக்குறை’.

அப்பா காலத்திலிருந்து நாங்கள் போடுவது: அடியுரமாக ஏக்கருக்கு 2 மூட்டை டிஏபி (மணிச்சத்து உரம்), அப்புறம் மூன்று தடவையாகப் பிரித்து 3 மூட்டை யூரியா, ஒரு மூட்டை பொட்டாஷ் (சாம்பல்சத்து உரம்). துத்தநாகம் போட்டதே இல்லை. ஏக்கருக்கு 36 முதல் 40 மூட்டை வரை காண்கிறது (60 கிலோ மூட்டை).

மணிச்சத்து அதிகம் என்றால் டிஏபியைக் குறைக்கலாம்தானே என்று உரக்கடையில் கேட்டேன். “அட்டையை வைத்துக்கொண்டு விவசாயம் பண்ணாதீங்க, டிஏபி இல்லாமல் தூர் கட்டாது” என்றார். ஒரு பயிற்சிக் கூட்டத்தில் ‘இலக்கு மகசூல்’ என்று கரும்பலகையில் ஒரு சமன்பாடு எழுதிக் காட்டினார்கள். எத்தனை மூட்டை வேண்டுமோ அதைப் போட்டால் உரத்தின் அளவு வந்துவிடுமாம். அப்படியானால் 60 மூட்டை என்று போட்டால் 60 மூட்டை விளையுமா? இதை யார் கண்டுபிடித்தது? ஏதோ டெல்லிப் பண்ணையில் செய்ததை இங்கே கொண்டுவந்து ஒட்டியிருக்கிறார்களா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

வரப்போரம்

தம்பி, நானும் உங்கள் பக்கம்தான், கூத்தாநல்லூர். ஒரு தடவை டிஏபியை அடியோடு நிறுத்திப் பார்த்தேன், பயிர் வெளுத்துப்போய் நின்றது. அதற்கப்புறம் அந்த விஷப்பரீட்சை வேண்டாமென்று விட்டுவிட்டேன். விலை ஏறினாலும் வாங்கிப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

---

பொருநைக்காரன்

கணக்குக்குப் போகுமுன் ஒன்று கேளுங்கள். அந்த அட்டை உங்கள் வயலுடையதுதானா?

2015-இல் தேசிய அளவில் மண் வள அட்டைத் திட்டம் வந்தபோது, ஒவ்வொரு வயலிலும் மண் எடுக்கவில்லை. பாசன நிலத்தில் இரண்டரை எக்டேருக்கு ஒரு மாதிரி, மானாவாரியில் பத்து எக்டேருக்கு ஒரு மாதிரி. அந்தக் கட்டத்துக்குள் வருகிற எல்லோருக்கும் அதே எண்கள்தான் அச்சாகி வரும். இரண்டரை எக்டேர் என்றால் ஆறு ஏக்கருக்கு மேல். உங்கள் மூன்று ஏக்கருக்குள் மண்வெட்டியே படாமல் அட்டை வந்திருக்க வாய்ப்பு உண்டு. அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள், யாராவது வந்து மண் எடுத்தார்களா என்று.

---

பழைய ஆய்வகத்தான்

பொருநைக்காரன் கேட்டது சரியான கேள்வி. அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் ‘டெல்லிப் பண்ணையில் செய்ததை ஒட்டியதா’ என்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கை வைத்தது இந்த வகைப் பாத்திகளில்தான். மண் அளப்பது, வைக்கோல் எடை போடுவது, அம்மோனியா நெடிக்கு நடுவில் உட்கார்ந்து தழைச்சத்தை வடிப்பது, இதுதான் என் பிழைப்பு. விஞ்ஞானி நான் இல்லை. விஞ்ஞானிகள் சொன்னதைச் செய்தவன்.

இந்த முறைக்கு இந்தியாவில் வடிவம் கொடுத்தவர் பி. ராமமூர்த்தி. டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் மண் விஞ்ஞானி. 1967-இல் அவரும் உடன் பணியாற்றியவர்களும் சொனோரா 64 என்ற மெக்சிகோ குட்டைக் கோதுமைக்கு, இவ்வளவு விளைச்சல் வேண்டுமானால் இவ்வளவு உரம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். இலக்கு வைத்து உரம் பரிந்துரைக்கலாம் என்ற யோசனையை அமெரிக்காவில் ட்ரூவோக் என்பவர் 1960 வாக்கிலேயே சொல்லியிருந்தார். ஆனால் நம் வயல்களில் அதை எப்படி நிரூபிப்பது என்பதற்கு வழி கண்டவர் ராமமூர்த்திதான். 1967-68-இல் மண் பரிசோதனையையும் பயிர் விளைச்சலையும் இணைக்கும் அகில இந்தியத் திட்டம் அவர் பொறுப்பில் தொடங்கியது. கோயம்புத்தூரிலும் அதற்கு ஒரு மையம் உண்டு.

அவர் என்ன செய்தார் என்பது புரிந்தால் உங்கள் சந்தேகம் பாதி போய்விடும். அதற்கு முன்னால் என்ன வழக்கம் என்றால், பத்து ஊரில் பத்து வயலில் உரச் சோதனை வைப்பார்கள். ஓரிடத்தில் மண் வளம், ஓரிடத்தில் வறட்டு மண். விளைச்சலை ஒப்பிட்டு, மண் வளத்தால் இவ்வளவு வித்தியாசம் என்று எழுதுவார்கள். ஆனால் அந்தப் பத்து வயலிலும் மழை ஒன்றல்ல, விதைத்த நாள் ஒன்றல்ல, தண்ணீர் கட்டியவர் ஒருவர் அல்ல. ஒருவர் களை எடுத்திருப்பார், இன்னொருவர் கல்யாண வீட்டுக்குப் போயிருப்பார். வித்தியாசம் மண்ணால் வந்ததா, கல்யாணத்தால் வந்ததா? பிரித்துச் சொல்ல முடியாது.

ராமமூர்த்தி இதைத் தலைகீழாகப் போட்டார். வளம் வேறுபடும் வயல்களைத் தேடிப் போகாதே, ஒரே வயலுக்குள் வள வேறுபாட்டை நீயே உண்டாக்கு என்றார். வயலை நீளவாக்கில் மூன்று பட்டையாகப் பிரிப்போம். முதல் பட்டைக்கு உரமே கிடையாது. இரண்டாவதுக்கு வழக்கமான அளவு. மூன்றாவதுக்கு அதைப்போல இரண்டு மடங்கு. அதன்மேல் தீவனச் சோளமோ மக்காச்சோளமோ நெருக்கமாக விதைத்து அறுத்துவிடுவோம். அந்தப் பயிரின் விளைச்சல் யாருக்கும் தேவையில்லை. போட்ட உரம் மண்ணோடு மண்ணாகக் கலந்து நிலைப்பதற்காகத்தான் அது. அது முடிந்ததும் ஒரே வயலுக்குள் ஏழை மண், நடுத்தர மண், பணக்கார மண் என்று மூன்றும் தயார். மழை ஒன்று, வெயில் ஒன்று, வேலை செய்கிற ஆளும் நாங்களே.

அப்புறம்தான் உண்மையான சோதனை. ஒவ்வொரு பட்டையிலும் 24 பாத்தி. அதில் 21 பாத்திகளுக்கு மூன்று சத்துகளையும் வெவ்வேறு அளவில் கலந்து போடுவோம், மூன்று பாத்திகளுக்கு ஒன்றும் கிடையாது. குறுக்குவாக்கில் தொழு உரம் போடாத பகுதி, கொஞ்சம் போட்டது, நிறையப் போட்டது. ஆக மொத்தம் 72 பாத்தி. உரம் போடுமுன் ஒவ்வொன்றிலும் மண் எடுக்க வேண்டும், அறுத்தபின் தானியம் தனி, வைக்கோல் தனியாக எடை போட்டு, இரண்டிலும் சத்து எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அறுவடைக் காலத்தில் சீட்டு மாறிப்போகாமல் பார்த்துக்கொள்வதே பெரிய வேலை. அந்த நாட்களில் வீட்டில் என்னோடு யாரும் பேசமாட்டார்கள்.

இத்தனையும் மூன்று எண்ணுக்காக. நூறு கிலோ நெல் விளைய பயிர் எவ்வளவு சத்து எடுக்கிறது? மண் பரிசோதனை காட்டும் அளவில் எத்தனை சதவீதம் உண்மையில் பயிருக்குப் போகிறது? போட்ட உரத்தில் எத்தனை சதவீதம் போகிறது? தொழு உரம் போட்டால் நான்காவதாக அதன் பங்கு.

உங்கள் அட்டையை வைத்தே காட்டுகிறேன். சதவீதங்கள் கணக்கு புரிவதற்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் மண்ணுக்கான சரியான எண்களை வேளாண் துறை ஆய்வகத்தில் கேட்டு வாங்குங்கள். ஏக்கருக்கு 40 மூட்டை என்றால் எக்டேருக்கு ஏறக்குறைய 60 குவிண்டால் (குவிண்டால் என்பது நூறு கிலோ). குவிண்டாலுக்கு 1.8 கிலோ தழைச்சத்து என்றால் பயிருக்குத் தேவை 108 கிலோ. மண்ணில் இருக்கும் 224-இல் ஐந்தில் ஒரு பங்கு கிடைக்கும் என்றால் 45 கிலோ. மீதி 63 கிலோவை உரத்தில் கொடுக்க வேண்டும். ஆனால் சேற்று வயலில் போடுகிற யூரியாவில் பாதிக்கு மேல் காற்றிலும் தண்ணீரிலும் போய்விடும், 40 சதவீதம்தான் பயிருக்கு என்று வைத்தால் போட வேண்டியது 158 கிலோ. ஏக்கருக்கு 64 கிலோ.

இப்போது நீங்கள் போடுவதைப் பாருங்கள். 3 மூட்டை யூரியாவில் 62 கிலோ தழைச்சத்து, 2 மூட்டை டிஏபியில் 18 கிலோ. மொத்தம் 80. டிஏபியிலும் தழைச்சத்து இருக்கிறது என்பதை ஊரில் யாரும் கணக்கில் சேர்ப்பதே இல்லை! இலைச்சுருட்டுப் புழுவும் புகையானும் உங்கள் வயலைத் தேடி வருகிறதென்றால், அதிகமாகப் போன அந்த 16 கிலோவுக்கும் அதில் பங்கு உண்டு.

மணிச்சத்து இன்னும் வேடிக்கை. 2 மூட்டை டிஏபி என்றால் ஏக்கருக்கு 46 கிலோ மணிச்சத்து உள்ளே போகிறது. 40 மூட்டை நெல்லும் அதன் வைக்கோலும் எடுத்துக்கொண்டு வெளியே போவது சுமார் 16 கிலோ. மீதி? யூரியா மாதிரி காற்றில் போகாது, தண்ணீரோடும் அதிகம் போகாது. களியைப் பிடித்துக்கொண்டு வயலிலேயே கிடக்கும். வருடா வருடம் இதையே செய்தால் அட்டையில் 38 என்று வராமல் என்ன வரும்? 22-க்கு மேல் போனாலே நம் ஊர்க் கணக்கில் ‘அதிகம்’. அது போக, தண்ணீர் கட்டி நிறுத்தினால் மண்ணில் காற்று இல்லாமல் போய், இரும்போடு பிணைந்து கிடக்கும் மணிச்சத்தும் அவிழ்ந்து பயிருக்குக் கிடைக்கும். நெல்லுக்கு இருக்கும் வசதி அது. மக்காச்சோளத்துக்குக் கிடையாது.

டெல்டாவில் நெல்லுக்குப் பொதுவான பரிந்துரையே எக்டேருக்குத் தழை, மணி, சாம்பல் சத்துகள் 150:50:50 கிலோதான். அதாவது மண்ணைப் பார்க்காமல் போட்டாலும் மணிச்சத்து ஏக்கருக்கு 20 கிலோ, ஒரு மூட்டை டிஏபிக்கும் குறைவு. ‘அதிகம்’ என்று வந்தால் அதில் கால் பங்கு குறைக்கச் சொல்வது பழைய வழக்கம். அப்போது 15 கிலோ. டிஏபியில் 33 கிலோ வருகிறது, முக்கால் மூட்டைகூட இல்லை.

வரப்போரம் அண்ணனுக்கு: அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை. பயிர் வெளுத்தது என்கிறீர்களே, நிறுத்திய டிஏபியோடு போன 18 கிலோ தழைச்சத்துக்கு ஈடாக யூரியாவைக் கூட்டினீர்களா? மணிச்சத்துக் குறைந்தால் பயிர் வெளுக்காது. கரும்பச்சையாகக் குன்றி, தூர் இல்லாமல் நிற்கும். வெளுப்பு என்றால் தழைச்சத்து, அல்லது துத்தநாகம்.

துத்தநாகம்தான் இந்த அட்டையில் எனக்குக் கவலை தரும் வரி. தமிழ்நாட்டு அளவுகோலில் 1.2 பிபிஎம்முக்குக் கீழே வந்தால் பற்றாக்குறை. மணிச்சத்து குவிந்த மண்ணில், பிஎச் ஏறிய மண்ணில், தண்ணீர் தேங்கிய மண்ணில் பயிர் அதை எடுப்பது இன்னும் சிரமம். உங்களிடம் மூன்றும் இருக்கிறது. வடக்கே நெல்லில் ‘கைரா’ என்று ஒரு நோய் வந்து இலையெல்லாம் துருப்பிடித்த மாதிரி ஆனது. பூசணமா, வைரஸா என்று தேடிக்கொண்டிருந்தார்கள். பந்த்நகரில் நெனே என்ற விஞ்ஞானி 1966-இல் அது துத்தநாகப் பற்றாக்குறைதான் என்று காட்டினார். எக்டேருக்கு 25 கிலோ சிங்க் சல்பேட், அதாவது ஏக்கருக்கு 10 கிலோ, மணலோடு கலந்து நடவுக்கு முன் தூவுங்கள். டிஏபியோடு கலந்து போடாதீர்கள், இரண்டும் பிணைந்து துத்தநாகம் பயிருக்கு எட்டாமல் போகும்.

60 மூட்டை போட்டால் 60 மூட்டை விளையுமா என்றால், விளையாது. அந்தச் சமன்பாடு எந்த விளைச்சல் வரம்புக்குள் பிறந்ததோ அதற்குள்தான் செல்லுபடி. ரகத்தின் சக்திக்கு மேல், வெயிலுக்கு மேல், வடிகாலுக்கு மேல் உரம் ஒன்றும் செய்யாது. ஏட்டில் 60 என்று எழுதினால் சமன்பாடு மறுக்காமல் பெரிய யூரியா எண்ணைக் கொடுக்கும். பயிர் சாய்ந்த பிறகு நீங்கள் அதைத் திட்ட முடியாது. நியாயமான இலக்கு வைத்த இடங்களில், சொன்னதற்குப் பத்து சதவீதம் கூடக் குறைய வந்தால் கணக்கு பலித்தது என்று எடுத்துக்கொள்வோம்.

இந்த முறையில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. கையில் பணம் குறைவா? இலக்கைக் குறைத்து வைத்துக்கொள்ளலாம். குறைந்த இலக்கில் போடுகிற ஒவ்வொரு கிலோ உரத்துக்கும் கிடைக்கிற நெல் அதிகம். ஒரு ஏக்கரில் எல்லா உரத்தையும் கொட்டி மற்ற இரண்டைப் பட்டினி போடுவதைவிட, மூன்றிலும் அளவாகப் பிரிப்பது லாபம். ‘குறைவு, நடுத்தரம், அதிகம்’ என்ற மூன்று பெட்டி இதைச் சொல்லாது. 279 கிலோ தழைச்சத்து என்றால் ‘குறைவு’, 281 என்றால் ‘நடுத்தரம்’. இரண்டு கிலோ வித்தியாசத்தில் கால் பங்கு உரம் மாறிவிடும். சமன்பாட்டில் அந்தப் படிக்கட்டு கிடையாது.

கடைசியாக, ஒட்டிய கதை. டெல்லிக் கோதுமையின் எண்களை யாரும் நீடாமங்கலத்து நெல்லுக்குத் தருவதில்லை. ஒவ்வொரு மண் தொடருக்கும் (ஒரே தன்மையுள்ள மண் வகை) ஒவ்வொரு பயிருக்கும் தனித்தனியாக இந்த 72 பாத்தி வேலையைச் செய்தாக வேண்டும். பழைய டெல்டாவின் களத்தூர் தொடர்க் களிக்கு வருகிற எண், கோவைப் பக்கத்து நொய்யல் தொடருக்குப் பொருந்தாது. வேளாண் பல்கலைக்கழகம் இவற்றைத் தொகுத்து ‘டிசிஃபர்’ என்று ஒரு மென்பொருளே வைத்திருக்கிறது.

---

வெண்ணாற்றுக்கரை

ஐயா, இவ்வளவு விவரமாக யாரும் சொன்னதில்லை. அப்பாவிடம் கேட்டேன். வயலுக்கு யாரும் வரவில்லை, ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்தார்கள், வாங்கி வந்தேன் என்கிறார். அப்படியென்றால் இந்த எண்கள் எல்லாமே வீணா? வைக்கோலை இப்போது இயந்திரம் வைத்துக் கட்டி விற்றுவிடுகிறோம், அதனால் ஏதாவது மாறுமா?

---

தக்கைப்பூண்டு

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எல்லாம் கிலோக் கணக்காகவே போகிறது. மண் என்பது உயிர். கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள் செய்கிற வேலையை 224, 38 என்று எழுத முடியுமா? ஐயா வேலை பார்த்த ஆய்வகங்கள்தான் இந்த நாட்டை மூட்டைக்குப் பழக்கின. நான் பசுந்தாளும் எருவும் மட்டும் வைத்துப் பயிர் செய்கிறேன். அட்டை பார்த்ததில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன்.

---

பழைய ஆய்வகத்தான்

தக்கைப்பூண்டு அவர்களே, கோபம் புரிகிறது. பாதிக்கு ஒப்புக்கொள்கிறேன்.

அட்டையில் வரும் தழைச்சத்து எண், மண்ணில் உள்ள சத்தின் கையிருப்பு அல்ல. பெர்மாங்கனேட் கரைசலில் மண்ணைக் கொதிக்கவிட்டால், எளிதில் சிதையும் அங்ககப் பொருளிலிருந்து அம்மோனியா வெளிவரும். அதை அளக்கிறோம். சுப்பையாவும் அசிஜாவும் 1956-இல் சொன்ன முறை. நீங்கள் சொல்லும் நுண்ணுயிரிகள் ஒரு பருவம் முழுக்க நிதானமாகச் செய்வதை, நாங்கள் கண்ணாடிக் குடுவையில் அவசரமாகச் செய்து பார்க்கிறோம், அவ்வளவுதான். தனியாக நின்றால் அந்த எண்ணுக்கு அர்த்தம் கிடையாது. பயிரை வளர்த்து, விளைச்சலோடு பொருத்திப் பார்த்த பிறகுதான் அர்த்தம் வருகிறது. ராமமூர்த்தி மெனக்கெட்டது அதற்காகத்தான். குடுவை சொல்வதை நம்பாதே, நெல்லைக் கேள் என்பதுதான் அந்த 72 பாத்தியும்.

ஆனால் மூட்டைக்குப் பழக்கினோம் என்பதை ஏற்க மாட்டேன். இந்தத் தம்பிக்கு மேலே போட்ட கணக்கில் டிஏபி குறைந்ததா, கூடியதா? யூரியா? பரிசோதனை செய்யாமல் போடுகிறவன்தான் மூட்டைக்குப் பழகியவன்.

எருவா உரமா என்ற சண்டையும் புதிதல்ல. கோயம்புத்தூரில் 1909-இல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனை வயல் இருக்கிறது. ஒரு பாத்திக்கு எரு மட்டும், ஒன்றுக்குத் தழைச்சத்து மட்டும், ஒன்றுக்கு மூன்று சத்தும், ஒன்றுக்கு ஒன்றுமே இல்லை என்று நூறு வருடத்துக்கு மேலாக ஒரே மாதிரி நடத்தி வருகிறார்கள். இமாசலத்தில் பாலம்பூரில், புளிப்பு மண்ணில், எழுபதுகளில் தொடங்கிய இன்னொரு நீண்டகாலச் சோதனை உண்டு. அங்கே தழைச்சத்து மட்டும் போட்ட பாத்திகளில் விளைச்சல் வருடா வருடம் இறங்கி, ஒன்றுமே இல்லை என்ற நிலைக்கு வந்தது. மூன்று சத்தோடு எருவோ சுண்ணாம்போ சேர்த்த பாத்திகள் தாக்குப்பிடித்தன. யூரியாவை மட்டும் நம்புகிறவருக்கு நான் முதலில் சொல்வது பாலம்பூரைத்தான். உங்களுக்கும் அதில் ஒரு செய்தி உண்டு: அங்கே நின்று காட்டியது உரமும் எருவும் சேர்ந்த பாத்தி.

நீங்கள் ‘நன்றாகத்தான் இருக்கிறேன்’ என்கிறீர்கள், நம்புகிறேன். ஒரு தடவை மண்ணைச் சோதித்து எண்களை இங்கே போடுங்கள், பார்ப்போம். கேலிக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே பார்க்க ஆசை.

தம்பி வெண்ணாற்றுக்கரைக்கு: எண்கள் வீண் இல்லை, உங்கள் பங்காளி வயலுடையதாக இருக்கலாம், அவ்வளவுதான். பக்கத்து வயலிலும் எல்லோரும் 2 மூட்டை டிஏபிதான் போட்டிருப்பார்கள் என்பதால் மணிச்சத்து பெரிதாக மாறாது என்பது என் ஊகம். இருந்தாலும் ஊகத்தை வைத்து உரம் வாங்க வேண்டாம். வயல் காய்ந்து கிடக்கும் இப்போதே மண் எடுங்கள். வரப்போரம், மர நிழல், எருக்குவி போட்ட இடம், மடை வாய் இதெல்லாம் விட்டுவிட்டு, வளைந்து வளைந்து நடந்து பத்துப் பதினைந்து இடத்தில் எடுக்க வேண்டும். மேலே இருக்கும் அறுவடைத் தாளைச் சுரண்டிவிட்டு, ஆங்கில வி எழுத்து மாதிரி அரையடி ஆழத்துக்கு வெட்டி, குழியின் பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை ஓர் அங்குலச் சீவலாக எடுங்கள். குழிக்குள் உதிர்ந்து கிடப்பதை அள்ளாதீர்கள். எல்லாவற்றையும் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளி, அரைக் கிலோ வரும்வரை குறைத்து, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கட்டுங்கள். உரச் சாக்கில் மட்டும் வைத்துவிடாதீர்கள். யூரியாச் சாக்கில் வந்த மண்ணை நாங்கள் ஆய்வகத்தில் பார்த்ததுமே கண்டுபிடித்துவிடுவோம், தழைச்சத்து வானத்தில் நிற்கும்.

உயரமான வயலும் தாழ்வான வயலும் இருந்தால் தனித்தனிப் பை. மூன்று ஏக்கருக்கும் ஒரே பையா என்று யோசிப்பீர்கள், களர் திட்டு எங்கேயாவது இருந்தால் அதைக் கண்டிப்பாகத் தனியாக எடுங்கள்.

வைக்கோல் பற்றிக் கேட்டது நல்ல கேள்வி. நெல் எடுக்கிற சாம்பல்சத்தில் பெரும்பங்கு, ஐந்தில் நான்கு பங்கு என்று சொல்லலாம், வைக்கோலில்தான் நிற்கிறது. மணிச்சத்து அதற்கு நேர்மாறு, பெரும்பகுதி நெல்மணிக்குப் போய்விடும். முன்பு கையால் அறுத்துக் களத்தில் அடித்து, வைக்கோல் உங்கள் மாட்டுக்கே போய், எருவாகத் திரும்பி வந்தது. இப்போது கட்டுக்கட்டாக லாரியில் வெளியூர் போகிறது. ஒரு டன் வைக்கோலில் பன்னிரண்டு முதல் பதினேழு கிலோ பொட்டாசியம் போகிறது என்று வையுங்கள். 310 என்பது நல்ல கையிருப்புதான். கணக்குப்படி இந்தத் தடவை அரை மூட்டை பொட்டாஷ் போதும். ஆனால் வைக்கோல் விற்கிற வயலில் அந்த எண் வருடத்துக்கு வருடம் இறங்கும், மறுபடி சோதிக்கும்போது முதலில் அந்த வரியைப் பாருங்கள்.

தண்ணீர் வரும்வரை வயல் சும்மா கிடக்குமென்றால், கோடை மழைக்குப் பசுந்தாளாகத் தக்கைப்பூண்டு விதை தெளித்து, பூ எடுக்கிற பருவத்தில், 45 நாளில், மடக்கி உழுங்கள். சமன்பாட்டில் எருவுக்கும் பசுந்தாளுக்கும் இடம் இருக்கிறது; அதிலிருந்து வருவதை யூரியாவில் கழிக்க வேண்டும். பெரும்பாலோர் தக்கைப்பூண்டையும் மடக்கிவிட்டு யூரியாவையும் குறைக்காமல் போட்டு, பயிர் சாய்ந்துவிட்டது என்பார்கள்.

---

பொருநைக்காரன்

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். மேலுரத்துக்கு இலை வண்ண அட்டை (இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கும், எண் போட்ட நிறப்பட்டைகள் உள்ள அட்டை) பார்த்துப் போடுங்கள். நட்ட 14-ஆம் நாளிலிருந்து வாரம் ஒரு தடவை, வெயில் நேரடியாக இலையில் படாமல் உடம்பால் மறைத்துக்கொண்டு பத்து இலையைப் பார்க்க வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4. அதற்குக் கீழே இறங்கினால் மட்டும் யூரியா. மண் பரிசோதனை பருவத் தொடக்கத்தில் சொல்வது, இது நடுவில் திருத்திக்கொள்ள. பிளாஸ்டிக் அட்டை, விலை ஒன்றும் பெரிதில்லை.

---

வெண்ணாற்றுக்கரை

எல்லோருக்கும் நன்றி. இந்த வாரமே மண் எடுக்கிறேன். அப்பா மட்டும் இன்னும் சமாதானமாகவில்லை. “ஒரு மூட்டை டிஏபி குறைத்து, நாலு மூட்டை நெல் போனால் யார் தருவார்?” என்கிறார். அவருக்கு என்ன சொல்வது?

---

பழைய ஆய்வகத்தான்

ஒன்றும் சொல்ல வேண்டாம். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. இரண்டு ஏக்கரில் அவர் சொல்கிறபடியே போடுங்கள். ஓர் ஏக்கரில் ஆய்வகம் சொல்கிறபடி. இரண்டுக்கும் ரகம் ஒன்றாக, நடவு ஒரே நாளில் இருக்க வேண்டும், இல்லையென்றால் மறுபடி கல்யாண வீட்டுக் கதைதான்.

அந்த ஓர் ஏக்கருக்குள் ஒரு மூலையில் ஐந்து குழி (ஒன்றரை சென்ட்டுக்குக் கொஞ்சம் கூட) அளவுக்குச் சின்னதாக வரப்பு கட்டி, யூரியா, டிஏபி, பொட்டாஷ் எதுவுமே போடாமல் விடுங்கள். மேல்மடைத் தண்ணீர் அதற்குள் புகாமல் தனி வாய் வையுங்கள், இல்லையென்றால் பக்கத்து யூரியா கரைந்து வந்துவிடும். அறுப்பில் இயந்திரத்தை அதற்குள் விடாமல் அரிவாளால் அறுத்து, தனியாக அடித்து எடை போடுங்கள். உங்கள் மண் தன் சக்தியில் எவ்வளவு தருகிறது என்பது அப்போது தெரியும். எந்த அட்டையிலும் அந்த எண் இருக்காது. உங்கள் அப்பா நினைப்பதைவிட அது நிறைய இருக்கும் என்பது என் கணிப்பு.

எடை போட்டதும் எண்ணை இங்கே எழுதுங்கள். ஈரப்பதத்தையும் சேர்த்து எழுதுங்கள், பச்சை நெல்லை எடை போட்டுவிட்டு என்னோடு சண்டைக்கு வராதீர்கள்.